7-க்கு 3

2022 செப்டம்பர் 3, சனிக்கிழமை. அமெரிக்காவில், அயோவா சிட்டியின் கின்னிக் மைதானத்தில் அந்த சீசனின் முதல் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம். அயோவா பல்கலைக்கழகத்தின் ஹாக்ஐஸ் அணி சவுத் டகோட்டா ஸ்டேட் அணியை 7-3 என்று வென்றது. மறுநாள் பேப்பரில் ஸ்கோரை மட்டும் பார்த்தவர், ஒரு டச் டவுன் போட்டு ஜெயித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார். பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுகிற டச் டவுனுக்கு ஆறு, அதன் பின்னால் ஓர் உதைக்கு ஒன்று, ஆக ஏழு. வழக்கமான கணக்கு அதுதான். அன்றைக்கு ஏழு வந்த வழி வேறு. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்புகிற ஒரு ஃபீல்ட் கோலுக்கு மூன்று. எதிரணிக்காரரை அவருடைய எல்லைக்குள்ளேயே மடக்கி விழவைத்தால் கிடைக்கிற சேஃப்டிக்கு இரண்டு. அப்புறம் இன்னொரு சேஃப்டி, இன்னும் இரண்டு. எங்கள் பக்கத்தில் ஒருவர்கூடப் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை.

நான் அன்று மைதானத்தில் இருந்தேன். வெயில் நன்றாக இருந்தது, கூட்டம் நிறைந்திருந்தது. மூன்றாம் கால்பகுதிக்கு மேல் எங்கள் ஆட்களே எங்கள் அணியைப் பார்த்துக் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். ஆட்டம் முடிந்து மெல்ரோஸ் அவென்யூவில் நடந்து வந்த கூட்டத்தைப் பார்த்திருந்தால், தோற்றுப்போய் வருகிறவர்கள் என்றே யாரும் சொல்லியிருப்பார்கள். என்னோடு வந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். சோளமும் சோயாவும் விளைவித்து ஓய்ந்த விவசாயி. ஹேடன் ஃப்ரை பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார். பாதி வழி வரை பேசவே இல்லை. பிறகு சொன்னார்: "ஜெயம்தான். ஆனா யார்கிட்டேயும் போய்ச் சொல்லிக்க முடியாத ஜெயம்."

அந்த ஒரு வரி எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெயித்தால் போதாதா? எப்படி ஜெயித்தார்கள் என்பது பார்க்கிறவர்களுக்கு ஏன் இவ்வளவு உறுத்த வேண்டும்?

எனக்கு இந்த ஆட்டம் பிறந்த ஊரிலிருந்து வந்ததில்லை. 2004 ஆகஸ்டில் முதுகலை படிக்க இங்கே வந்தேன். அந்த அக்டோபரில் உடன் படித்த ஒரு பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஃபுட்பால் ஆட்டத்தை முழுசாகப் பார்த்தேன். பென்சில்வேனியாவில் பென் ஸ்டேட் அணியோடு மோதல். முடிவு 6-4. கேட்டால் கபடி ஸ்கோர்கூட இல்லை என்பீர்கள். எங்களுக்கு இரண்டு ஃபீல்ட் கோல், அவர்களுக்கு இரண்டு சேஃப்டி.

அந்த இரண்டாவது சேஃப்டியை எங்கள் பயிற்சியாளர் கிர்க் ஃபெரன்ட்ஸ் வேண்டுமென்றே கொடுத்தார். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஃபுட்பாலில் ஓர் அணிக்கு நான்கு முயற்சி உண்டு. அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. முடியாது என்று தெரிந்தால், நான்காவது முயற்சியில் பந்தை ஓங்கி உதைத்து எதிரணியைத் தூரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அதுதான் பன்ட். தன் எல்லைக்குள்ளே நின்று பன்ட் அடிப்பது ஆபத்து. தடுத்துவிட்டால் அங்கேயே டச் டவுன். அதனால் 6-2 என்று முன்னணியில் இருந்த ஃபெரன்ட்ஸ், "இந்தா, இரண்டு புள்ளியை வைத்துக்கொள்" என்று எதிரிக்கே கொடுத்துவிட்டு, பந்தைத் தூரமாக உதைத்து அனுப்பினார். தன் தடுப்பாட்டம் மிச்ச நேரத்தில் ஒரு புள்ளியும் விடாது என்று அவ்வளவு நம்பிக்கை. விடவும் இல்லை. அந்த வாரம்தான் அவருடைய அப்பா இறந்திருந்தார். நான் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த 6-4-ஐ இன்றுவரை யாரும் இங்கே வெட்கத்தோடு சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லும்போதே முகம் மலரும். அப்படியானால் 7-3 மட்டும் ஏன் தொண்டையில் சிக்குகிறது? இரண்டிலும் எங்கள் ஆட்கள் டச் டவுன் போடவில்லை. இரண்டிலும் தடுப்பாட்டம்தான் காப்பாற்றியது. அதே பயிற்சியாளர்.

இதற்குப் பதில் தேடும் முன்னால் அயோவாவைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்த மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. ஃபுட்பாலில் இல்லை, கூடைப்பந்தில் இல்லை, பேஸ்பாலில் இல்லை. சனிக்கிழமை என்றால் கல்லூரி அணிதான். கின்னிக் மைதானத்தில் 69,250 பேர் உட்காரலாம். அயோவா சிட்டியின் மக்கள்தொகையே 75,000 சுமார்தான். மைதானத்துக்குப் பெயர் தந்த நைல் கின்னிக் 1939-இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர். அந்த ஆண்டு நோட்ர டேம் அணியை 7-6 என்று தோற்கடித்த ஆட்டத்தில் அவர் 16 முறை பன்ட் அடித்தார். டச் டவுனும் அவர் போட்டதுதான், கூடுதல் புள்ளிக்கான உதையும் அவருடையதுதான். ஆனாலும் பழைய ஆட்கள் முதலில் சொல்வது கடைசி நிமிடங்களில் அவர் அடித்த 63 யார்டு பன்டைத்தான். எதிரணியை அவர்கள் எல்லைக்கு ஆறு யார்டில் கொண்டுபோய் நிறுத்திய உதை அது. 1943-இல் கடற்படைப் பயிற்சி விமானம் கடலில் விழுந்து இறந்தார். அப்போது வயது 24.

ஆக, பன்டை ரசிப்பது இங்கே நேற்று முளைத்த பழக்கம் இல்லை. மெல்பர்னிலிருந்து வந்த டோரி டெய்லர் என்ற ஆஸ்திரேலியர் 2020 முதல் 2023 வரை எங்களுக்கு பன்ட் அடித்தார். அவர் களத்துக்குள் வந்தாலே கைதட்டல் கிளம்பும். பந்து மேலே போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எதிரணி எல்லையிலிருந்து மூன்று யார்டு, நான்கு யார்டு என்று விழுந்து செத்துக் கிடக்கும். கிரிக்கெட்டில் ஐந்தாம் நாள் மாலையில் ஒருவர் கட்டை போட்டுக் கட்டை போட்டு ஆட்டத்தைக் காப்பாற்றுவதைப் பார்த்துச் சிலிர்த்தவர்களுக்கு இது புரியும். 2023-இல் அவர் பன்ட் அடித்த மொத்தத் தூரம் 4,479 யார்டு. 1938 முதல் நின்றிருந்த தேசியச் சாதனை அதனால் உடைந்தது. 'பன்ட் அடிப்பதே வெற்றி' என்று அச்சடித்த டீ-ஷர்ட் ஊரெல்லாம் ஓடியது. பெரியவர் ஒன்று வாங்கினார். நானும் வாங்கினேன். பெருமையோடுதான் போட்டுக்கொண்டோம்.

இத்தனையும் உண்மை. அதோடு இன்னொன்றும் உண்மை. ஒரு பன்ட் பிரமாதமாக அமைய வேண்டுமென்றால், அதற்கு முன்னால் மூன்று முயற்சி வீணாகியிருக்க வேண்டும்.

2004-இல் எங்கள் ரன்னிங் பேக்குகள் ஒருவர் பின் ஒருவராகக் காயம்பட்டு விழுந்தார்கள். பந்தை எடுத்து ஓட ஆளே இல்லை. இருக்கிறதை வைத்துச் சமாளித்த அணி அது. சமாளித்து, நாங்கள் ஆடுகிற பிக் டென் லீக்கின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டு, புத்தாண்டு அன்று லூசியானா ஸ்டேட் அணியைக் கடைசி நொடியில் 56 யார்டு பாஸ் ஒன்றால் வீழ்த்தியது. 2022-இல் நிலைமை அப்படி இல்லை. தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் பிரையன் ஃபெரன்ட்ஸ், பயிற்சியாளரின் மகன். 2017-இலிருந்து அந்த இடத்தில் இருந்தார். அப்பா மகனை மேற்பார்வை செய்யக்கூடாது என்பது விதி, ஆகவே காகிதத்தில் அவருடைய மேலதிகாரி விளையாட்டுத் துறை இயக்குநர். 2020-க்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு புள்ளி குறைந்தது. முறை மாறவில்லை, ஆளும் மாறவில்லை.

இல்லாத வீட்டில் எல்லோரும் சேர்ந்து கஞ்சி குடிப்பது ஒன்று. அதில் ஒரு மானம் இருக்கிறது, பிற்காலத்தில் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்கலாம். பத்தாயத்தில் நெல் இருக்கும்போதே, அடுப்பங்கரையில் நிற்பவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது, ஆனால் அவரை எழுந்திரு என்று சொல்ல யாருக்கும் மனசில்லை என்பதற்காகக் கஞ்சி குடிப்பது வேறு. 6-4-க்கும் 7-3-க்கும் நடுவில் இருக்கிற தூரம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஸ்கோர் அழகாக இல்லை என்பது யாரையும் காயப்படுத்தவில்லை. இந்த அழகின்மை தேவையே இல்லாதது என்பதுதான் காயப்படுத்தியது.

2023 பிப்ரவரியில் பிரையனின் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். சம்பளம் 50,000 டாலர் குறைந்து 8,50,000 ஆனது. அவர் தொடர வேண்டுமென்றால் அணி குறைந்தது ஏழு ஆட்டம் ஜெயிக்க வேண்டும், ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும். தடுப்பாட்டம் எடுத்துக் கொடுக்கிற புள்ளியும் கணக்கில் சேரும். எனக்கு இது பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. எப்படி ஜெயிக்கிறோம் என்ற பெரிய கேள்வியை ஒரு வகுத்தல் கணக்காகச் சுருக்கிவிட்டார்கள். அந்த இலையுதிர்காலம் முழுக்க, பந்து எல்லையைத் தாண்டினால் துள்ளிக் குதிப்பதற்குப் பதில், "இன்னும் எத்தனை பாக்கி?" என்று பக்கத்து வரிசையில் கணக்குப் போட்டார்கள். ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு அதைவிடச் சோர்வான முறை எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த ஆண்டில்தான் எங்களுக்கு வேறொரு பாடமும் கிடைத்தது. அக்டோபர் 14 சனிக்கிழமை, மேடிசனில் விஸ்கான்சினை 15-6 என்று ஜெயித்தோம். அடுத்த நாள் ஞாயிறு, இதே கின்னிக் மைதானத்தின் நடுவில் மரத்தளம் போட்டு, திறந்தவெளியில் பெண்கள் கூடைப்பந்து ஆட்டம் நடத்தினார்கள். காற்று பலமாக அடித்தது. 55,646 பேர் வந்தார்கள், பெண்கள் கூடைப்பந்து வரலாற்றிலேயே பெரிய கூட்டம். எதிரணி டிபால். எங்கள் கெய்ட்லின் கிளார்க் 34 புள்ளி எடுத்தார், 11 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். அயோவா 94-72. என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கிளார்க் எங்கோ தூரத்தில் நின்று பந்தை எறியும்போது, அது கையை விட்டுப் போவதற்கு முன்னாலேயே கூட்டம் எழுந்து நின்றது. திரும்பி வரும்போது கேட்டாள்: "அம்மா, நம்ம பசங்க மட்டும் ஏன் இப்படி ஆட மாட்டேங்கிறாங்க?"

பெரியவர்தான் பதில் சொன்னார். பயப்படாமல் ஆடுகிறவர்களைப் பார்ப்பது ஒரு சுகம், தப்பு செய்யாமல் ஆடுகிறவர்களைப் பார்ப்பது இன்னொரு சுகம், இரண்டும் தனக்கு வேண்டும் என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. தப்பு செய்யாமல் இருப்பதுதான் ஃபெரன்ட்ஸின் வழி. 1999-இலிருந்து அவர் இங்கே தலைமைப் பயிற்சியாளர். அவருடைய உதவிப் பயிற்சியாளர் ஃபில் பார்க்கரின் தடுப்பாட்டம் அந்த வழியின் உச்சம்; ஒவ்வொருவரும் தான் நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலையைக் கழிக்கலாம். தாக்குதல் ஆட்டத்தில் மட்டும் தப்பு செய்யாமல் இருப்பது, எதையுமே செய்யாமல் இருப்பதில் போய் முடிந்தது.

அக்டோபர் 30 அன்று, விளையாட்டுத் துறையின் இடைக்கால இயக்குநர் பெத் கெட்ஸ், சீசன் முடிந்ததும் பிரையன் தொடர மாட்டார் என்று அறிவித்தார். அப்போது அணி ஆறு ஜெயம், இரண்டு தோல்வி. நினைத்துப் பாருங்கள், ஜெயித்துக்கொண்டிருக்கிற அணியில், சீசன் நடுவில். கேட்டபோது எனக்கு நிம்மதியும் வருத்தமும் ஒன்றாக வந்தன. ஓர் அப்பாவுக்கு ஊரறிய நடக்கக்கூடாத காரியம் அது. அதன் பிறகு அணி வரிசையாக நான்கு ஆட்டம் ஜெயித்தது: 10-7, 22-0, 15-13, 13-10. பாஸ் எறிகிற குவார்ட்டர்பேக் காயம், அதைப் பிடிக்கிற நல்ல டைட் எண்டுகள் இருவரும் காயம். ஆக, அந்த ஆண்டுக் கஞ்சியில் பாதி உண்மையான வறுமையில் காய்ச்சியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசி ஆட்டம் நெப்ராஸ்காவில். 10-10 என்று நேரம் முடியப்போகிறது. தடுப்பாட்டக்காரர் ஒருவர் பாஸைப் பறிக்கிறார். ஒரே ஒரு நல்ல ஓட்டம். வழக்கமான உதைப்பாளரை உட்காரவைத்துவிட்டு மாற்று ஆளை அனுப்புகிறார்கள். 38 யார்டு. உள்ளே போனது. எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் போட்ட சத்தத்தில் மகள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். அந்த ஆட்டத்தில் பார்க்க ஓர் அழகும் இல்லை. ஆனால் அந்தப் பத்து நொடியை எனக்கு 94-72-ஓடு மாற்றிக்கொள்ள மனம் வராது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் இதுவரை எழுதியது முழு உண்மை ஆகாது.

பிறகு பிக் டென் இறுதியில் மிச்சிகனிடம் 26-0. புத்தாண்டில் டென்னஸ்ஸியிடம் 35-0. பத்து ஜெயம், நான்கு தோல்வி, சராசரி 15.4 புள்ளி.

அந்த மிச்சிகனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஏனென்றால் 'எப்படி' என்ற சொல்லுக்கு இன்னோர் ஆழமும் உண்டு. எதிரணிகளின் ஆட்டங்களுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி, அவர்களுடைய சைகைகளைப் பதிவு செய்தார் மிச்சிகன் ஊழியர் ஒருவர் என்று அந்த சீசனில் வெளியே வந்தது. அப்படி நேரில் ஆள் அனுப்பி வேவு பார்ப்பது விதிப்படி கூடாது. பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவை வழக்கமான சீசனின் கடைசி மூன்று ஆட்டங்களுக்கு வெளியே நிறுத்தினார்கள். அணி ஓர் ஆட்டமும் தோற்காமல் 15-0 என்று தேசியப் பட்டம் வென்றது. மிச்சிகன் ரசிகர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பட்டம் இனிக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே, கேட்காத கேள்விக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். பாவம், இருபத்தாறு வருஷம் காத்திருந்து கிடைத்ததை நிம்மதியாகக் கையில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

1940-இல் கார்னெல் பல்கலைக்கழக அணி டார்ட்மத்தைக் கடைசி நொடியில் 7-3 என்று ஜெயித்தது. படத்தைப் போட்டுப் பார்த்தபோது, நடுவர் தவறுதலாக நான்குக்குப் பதில் ஐந்து முயற்சி கொடுத்துவிட்டது தெரிந்தது. அதுவரை அந்த ஆண்டு ஒரு தோல்வியும் காணாத அணி. எங்களுக்கு இந்த ஜெயம் வேண்டாம் என்று தந்தி அடித்தார்கள். ஆட்டம் 3-0 என்று டார்ட்மத்துக்குப் போனது. சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1990-இல், கொலராடோவுக்கும் மிசூரி ஆட்டத்தில் அதே மாதிரி ஐந்தாவது முயற்சி கிடைத்தது. 33-31. அவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை, அந்த ஆண்டு தேசியப் பட்டத்தையும் பகிர்ந்துகொண்டார்கள். இதில் எந்த அணியை நான் மதிக்கிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே நேரம், நெப்ராஸ்கா ஆட்டத்தில் அந்த 38 யார்டு உதை ஐந்தாவது முயற்சியாக இருந்து, திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த இரவு நான் ஒத்துக்கொண்டிருப்பேனா? மறுநாள் காலையில் ஒத்துக்கொண்டிருப்பேன் என்று நம்புகிறேன்.

எங்கள் வீட்டிலும் இந்தக் கணக்கு சுத்தமாக இல்லை. 2020 ஜூனில் பல முன்னாள் கறுப்பின ஆட்டக்காரர்கள் வாய் திறந்தார்கள். 'அயோவா வழி' என்று பெருமையாகச் சொல்லப்பட்ட ஒழுங்கு, தங்கள் தலைமுடியையும் உடையையும் பேச்சையும் மாற்றிக்கொள்ளச் சொன்னது என்றார்கள். உடற்பயிற்சிப் பொறுப்பாளர் விலகினார். வெளியிலிருந்து வந்து விசாரித்த வழக்கறிஞர் நிறுவனமும் அணியின் விதிமுறைகள் இனப் பாகுபாட்டுக்கு இடம் கொடுத்தன என்று எழுதியது. 2023-இல் ஒரு வழக்கு 41.75 லட்சம் டாலருக்குச் சமரசமானது. அந்த ஆண்டுகளில் நான் எழுந்து நின்று கைதட்டிய ஒவ்வொரு ஜெயமும் அந்தப் பையன்களின் உடம்பிலிருந்து வந்தது. நானும் இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்த நிறத்துக்காரிதான். ஆனாலும் அந்த வரிசையில் நின்ற முகங்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஆட்டம் மந்தமாக இருக்கிறது என்று கூச்சல் போட்டவர்களில் எத்தனை பேர் இதற்குக் குரல் கொடுத்தோம் என்று கேட்டால், எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. எப்படி ஜெயிக்கிறோம் என்று கேட்கிற உரிமை ரசிகருக்கு உண்டென்றால், அந்தக் கேள்வி பன்டோடு நின்றுவிடக்கூடாது.

2024-இல் தாக்குதல் ஆட்டத்துக்குப் புதியவர் வந்தார். கேலப் ஜான்சன் ஓடியே 21 டச் டவுன் போட்டார். பழைய ஒப்பந்தம் கேட்ட 25 புள்ளிச் சராசரியை அணி தாண்டியது. ஜெயித்ததோ எட்டு ஆட்டம், முந்தைய ஆண்டைவிட இரண்டு குறைவு.

அந்த செப்டம்பரில் அயோவா ஸ்டேட் அணி கின்னிக்குக்கு வந்தது. ஜான்சன் 187 யார்டு ஓடினார். பாதி நேரத்தில் 13-0 என்று நாங்கள் முன்னால். கடைசி ஆறு நொடி இருக்கும்போது அவர்களுடைய உதைப்பாளர் 54 யார்டிலிருந்து அடித்து, 20-19 என்று எங்களைத் தோற்கடித்துவிட்டார். மறுபடி அதே மெல்ரோஸ் அவென்யூ, அதே மௌனமான கூட்டம். பெரியவர் அந்தப் பன்ட் டீ-ஷர்ட்டைப் போட்டிருந்தார், துவைத்துத் துவைத்து எழுத்து வெளுத்துவிட்டது. மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்து வந்தாள்.

"இன்னைக்கு நல்லா ஆடினாங்க இல்ல?" என்றாள். ஆமாம் என்றார்.

"அப்போ உங்களுக்கு எது வேணும், அந்த 7-3-ஆ, இந்த 19-20-ஆ?"

உடனே பதில் சொல்லவில்லை. தெருமுனை வரை நடந்தார். கார்கள் போகட்டும் என்று நின்றபோது சொன்னார்:

"7-3. ஆனா அடுத்த வாரமும் 7-3 வேண்டாம்."